மேடம் சோதித்தது பழுப்புத் தண்ணீரைத்தான்

ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். கேமரா முன்னால் நின்றுகொண்டு, ஒன்றும் அறியாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, ஊரே பார்க்கப் பொய் சொன்னீர்கள். உங்கள் பெயரையும் உங்கள் கம்பெனியின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. கடலூரில் தொண்டை கொப்புளிக்கும் மருந்து தயாரித்து விற்ற முதலாளி என்றால் போதும், உங்களுக்கு விளங்கிவிடும். நீங்கள் பழி போட்ட பெண்ணின் பெயரையும் எழுதமாட்டேன். சிதம்பரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி அவர். நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம். அவர் இப்போது உயிரோடு இல்லை. செத்த பிறகும் அவர்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற பழியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. இத்தனை நாள் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அன்றைக்கு அந்த அறையில் இருந்தது நாலு பேர். நீங்கள், உங்கள் மச்சான், மேடம், நான். மேடம் போய்விட்டார். நீங்கள் சொல்லமாட்டீர்கள். உங்கள் மச்சான் உங்களை மீறி வாயைத் திறக்கமாட்டார். மிச்சம் இருப்பது நான்தான்.

அந்தக் காலை என் கண்ணில் அப்படியே நிற்கிறது. ஜன்னல் ஓரத்து மேசை. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் உங்கள் மருந்து, கெட்டியாகக் காய்ச்சிய டீ டிகாக்‌ஷன் நிறத்தில். அதன்மேல் பிடித்த சொட்டுக் குழாயோடு மேடத்தின் கை. கையுறை அவருக்கு எப்போதும் ஒரு அளவு பெரிசாக இருக்கும். சின்ன அளவு கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், விரல் நுனியெல்லாம் மடங்கிக் கிடக்கிற கையுறையோடே வேலை பார்த்தார். அந்தச் சொட்டு விழுந்ததும் பழுப்பு நிறம் முழுக்கக் காணாமல் போய், குழாயில் வெறும் தண்ணீர் நின்றது. நீங்கள் "அட!" என்றீர்கள். எல்லாம் அந்த "அட"வில்தான் தொடங்கியது.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிருமிநாசினி ஒன்று சளி, காய்ச்சல் வைரஸைக் கொல்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மருந்தையும் வைரஸையும் ஒன்றாகக் கலக்க வேண்டும். ஒரு ஆள் தொண்டையில் வைத்துக் கொப்புளிக்கிற நேரம் அதை அப்படியே விட வேண்டும். நேரம் முடிந்ததும் மருந்தின் வேலையை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் அது குழாயிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அடேயப்பா என்ன மருந்து என்று நாமும் ஏமாந்துபோவோம். உங்கள் மருந்தில் இருந்தது அயோடின். அயோடினை நிறுத்த ஒரு உப்புக் கரைசல் உண்டு. அதை விட்டால் நிறம் போய்விடும். நிறம் போனால் அயோடின் செயலிழந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தக் கலவையைத் தட்டில் வளர்த்து வைத்திருக்கிற செல்கள்மேல் விட்டுச் சில நாள் காத்திருப்போம். வைரஸ் மிச்சம் இருந்தால் செல்கள் உருண்டு, பெயர்ந்து, மிதக்க ஆரம்பிக்கும். மிச்சம் இல்லையென்றால் தளத்தில் கல் பதித்ததுபோல நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். கொரோனா வைரஸையே வைத்து வேலை செய்கிற அனுமதி எங்களுக்குக் கிடையாது. அதன் உறவுக்கார வைரஸ் ஒன்று, சாதாரண ஜலதோஷம் கொடுப்பது, அதை வைத்துத்தான் செய்தோம். அதையும் மேடம் எழுத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

மேடம் கிள்ளைப் பக்கத்துக்காரர். கோபக்காரர். என்னைவிட வயதில் சின்னவர் என்பதால் என்னை அக்கா என்பார், நான் மேடம் என்பேன். திட்டும்போதும் அக்கா என்றுதான் திட்டுவார். "அக்கா, ஒங்களுக்கு அறிவிருக்குதா?" என்று அவர் கேட்டால் அன்றைக்கு நான் ஏதோ ஒரு தட்டைத் திறந்து வைத்துவிட்டேன் என்று பொருள். சிரிப்பு வந்தால் இருமல் மாதிரி வரும். அந்த நாட்களில் பொது இடத்தில் இருமினாலே ஆட்கள் விலகி ஓடுவார்கள். பஸ்ஸில் வேண்டுமென்றே அப்படிச் சிரித்துச் சீட்டு பிடித்ததாக ஒருமுறை சொன்னார். உண்மையா என்று தெரியாது. செய்யக்கூடிய ஆள்தான்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சோதனை முடிகிற நாளில் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைப்பதற்கு முன்னால், அதில் இருக்கிற சின்னக் குழிகளில் மருந்தும் வைரஸும் கலந்து விட்டவற்றை ஒரு துண்டு அட்டையால் மூடிவிடுவார். முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த, கன்ட்ரோல் என்கிற குழிகளை மட்டும் பார்ப்பார். ஒன்றும் விடாத செல் நன்றாக இருக்கிறதா, வெறும் வைரஸ் விட்ட செல் செத்திருக்கிறதா, வைரஸ் இல்லாமல் மருந்து மட்டும் விட்டதில் செல் பிழைத்திருக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தால்தான் அட்டையை எடுப்பார். "மொதல்ல பதில பாத்துட்டோம்னா கண்ணு ஆசப்படும்க்கா. அப்புறம் கன்ட்ரோல்ல இருக்குற கோளாறு கண்ணுக்கே தெரியாது" என்பார். அதேபோல, வெறும் தண்ணீர் மாதிரி சுத்தமான திரவத்தில் மட்டும் வைரஸைக் கலந்து சோதிப்பதை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். சளிபோல வழவழப்பான புரதத்தைச் சேர்த்து இன்னொரு முறையும் செய்ய வேண்டும். "தொண்டை என்னா, வெளக்கி வெச்ச டம்ளரா?" என்று கேட்பார். சளியைச் சேர்த்தால் நிறைய மருந்துகள் தடுமாறும். கம்பெனிக்காரர்களுக்கு அது பிடிக்காது. சுத்தமானதில் செய்தால் போதும் மேடம் என்று ஃபோன் போட்டுக் கெஞ்சுவார்கள். அவர் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

உங்கள் மருந்து சுத்தமானதில் நன்றாகவே தேறியது. சளி சேர்த்ததில் சுமாராகத் தேறியது. இரண்டையும் அறிக்கையில் எழுதினார். கீழே ஒரு வரியும் சேர்த்தார். தட்டில் வைரஸ் சாவதை வைத்து ஆளுக்கு நோய் வராது என்று சொல்லிவிட முடியாது என்று. நீங்கள் நேரில் வந்ததே அந்த வரியை எடுக்கச் சொல்லித்தான். எடுக்கமாட்டேன் என்று அவர் சொன்னதும் பேச்சை மாற்றி, எங்க சரக்கை இங்க என்னதான் பண்றீங்கன்னு பாக்கலாமா மேடம் என்றீர்கள். வைரஸ் இருக்கிற அறைக்குள் வெளியாளை விடமுடியாது. அதனால் வெளியே ஜன்னல் மேசையில், வைரஸ் இல்லாமல், வெறும் மருந்தை வைத்துக் காட்டினார்.

நீங்கள் அவரிடம் முதலில் சொன்னது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "கறைதான் மேடம் பெரிய ரோதனயா இருக்குது. பேசின்ல கறை, வேட்டில கறை. வெத்தல போட்ட வாய் மாதிரி ஆவுதுன்னு பொம்பளைங்க தொடவே மாட்டேங்குறாங்க." அந்த நேரத்தில்தான் அவர் சொட்டு விட்டார். நிறம் போனது.

"அட! மச்சான், இத பாரு மச்சான். கறையே காணோம்!" என்று குதித்தீர்கள்.

உங்கள் கம்பெனியில் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற மச்சான், வேதியியல் படித்தவர், கைக்குட்டையை எடுத்துக் குழாயில் ஒரு நுனியை நனைத்துப் பார்த்தார். "ஆமா மாமா. ஒட்டவே இல்ல."

"மேடம், இத அப்படியே பாட்டில்ல ஊத்திக் குடுத்தா என்ன மேடம்?"

மேடத்துக்கு அந்த இருமல் சிரிப்பு வந்துவிட்டது. "குடுங்க சார். கூட ரெண்டு எலுமிச்சம்பழத்தையும் புழிஞ்சி வுடுங்க. அதுல இருக்குற வைட்டமின் சி-யும் இதே மாதிரி கறைய எடுத்துடும். வெய்யிலுக்கு ஜில்லுனு இருக்கும்" என்றார். நீங்களும் சிரித்தீர்கள், மச்சானும் சிரித்தார், நானும் சிரித்தேன். உடனே அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "தமாசுக்குச் சொன்னேன் சார். கலர் போச்சுன்னா மருந்தும் போச்சு. இப்ப இந்தக் குழாய்ல இருக்குறது ஒண்ணுத்துக்கும் ஒதவாத தண்ணி. இது வைரஸ ஒண்ணும் பண்ணாது" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். "புரியுது மேடம்" என்றீர்கள். இதைத்தான் நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவர் சொன்ன வேடிக்கையை நீங்கள் கேட்டீர்கள். வேடிக்கைக்கு அடுத்துச் சொன்னதையும் கேட்டீர்கள். இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினீர்கள்.

பிறகு சில மாதம் உங்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தொற்று மறுபடி ஏறிக்கொண்டிருந்த நேரம். எங்களுக்கு வேலை கழுத்துவரை இருந்தது. கைகழுவும் திரவம், மூக்கில் அடிப்பது, வாய் கொப்புளிப்பது என்று ஊர் ஊராகப் பாட்டில் வந்து குவிந்தது. முக்கால்வாசி ஒன்றுக்கும் உதவாதவை. கடலூரிலிருந்து தினமும் சிதம்பரம் போய்வந்த எனக்கு வீட்டில் சமைக்கக்கூடத் தெம்பு இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் மீன் வாங்கப் போனேன். எப்போதும் மீன் வாங்குகிற பெண் முகக்கவசம் இல்லாமல் உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தாள். ஏம்மா மாஸ்க் போடலியா என்று கேட்டேன். அவள் தராசுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

"அத மாட்டிகினு எப்படிக்கா கூவி விக்கிறது? காலையில ஒரு வாய், சாயந்தரம் ஒரு வாய் இத ஊத்திக் கொப்புளிச்சிடுறேன். தொண்டையிலயே செத்துடுதாம். சிதம்பரத்துல டெஸ்ட் பண்ணது, பாட்டில்லயே போட்டிருக்குது பாரு."

வாங்கிப் பார்த்தேன். உங்கள் பாட்டில்தான். அதே பெயர், அதே எழுத்து, சிதம்பரம் ஆய்வுக்கூடத்தில் வைரஸுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது என்ற அதே வரி. ஓரத்தில் புதிதாக ஒரு எலுமிச்சம்பழப் படம். உள்ளே இருந்தது கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர்.

"இது வேல செய்யாதும்மா. மாஸ்க் போட்டுக்க" என்றேன்.

"நீ என்னா டாக்டரா?"

"டெஸ்ட் பண்ற எடத்துலதாம்மா நான் வேல பாக்குறேன்."

"நல்லா இருக்குதே கத! ஒங்க ஆபீஸ்ல சரின்னு எழுதிக் குடுத்துட்டு, இங்க வந்து எங்கிட்ட இல்லங்குறியா? தள்ளிக்க, பின்னாடி ஆளு நிக்குது. வஞ்சிரம் வேணுமா வேணாமா?"

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. நான் மீன் வாங்காமல், கடையில் அந்தப் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் மதியம் மேடம் முன்னால் வைத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவில் இருந்த சோற்றுக் கஞ்சியை இரண்டு மூடிகளில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். கஞ்சியில் அயோடின் பட்டால் மை போலக் கறுத்த நீலமாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எங்களிடம் மிச்சமிருந்த பழைய பழுப்பு மருந்தில் ஒரு சொட்டு முதல் மூடியில் விட்டார். மை. இரண்டாவது மூடியில் எலுமிச்சைப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டார். கஞ்சி கஞ்சியாகவே இருந்தது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. பாட்டிலைக் கவிழ்த்தே ஊற்றினார். கஞ்சி நீர்த்துப்போனது, அவ்வளவுதான்.

"எலுமிச்சம்பழம்னு நான்தானே சொன்னேன்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் இரண்டு பேரும் கடலூரில் உங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். எங்களுக்கு நீங்கள் குளிர்பானம் கொடுத்தீர்கள். மேடம் தொடவில்லை. பாட்டிலை மேசைமேல் வைத்து, "இது என்னா சார்?" என்று கேட்டார்.

"நீங்க சொன்ன ஐடியாதான் மேடம்!" என்று முகமெல்லாம் சிரித்தீர்கள். "எலுமிச்சம்பழமே புழிஞ்சா கெட்டுப்போவும்னு மச்சான் சொன்னான். அதான் வைட்டமின் சி பவுடரா போட்டாச்சு. முன்னவிட ஜாஸ்தி போவுது. கொழந்தைங்ககூட துப்ப மாட்டேங்குது."

"அன்னிக்கே சொன்னேனே சார். கலர் போச்சுன்னா மருந்து போச்சுன்னு."

"சொன்னீங்க. ஆனா சிரிச்சிகினே சொன்னீங்களே மேடம்."

"சிரிச்சத நிறுத்திட்டுதான் சொன்னேன்."

நீங்கள் மச்சானைப் பார்த்தீர்கள். அவர் காலண்டரைப் பார்த்தார். "ஜனங்களுக்கு நம்பிக்கை வந்துடுச்சு மேடம். நம்பிக்கைதான் பாதி மருந்து" என்றீர்கள்.

"மீதி பாதி எங்க சார்?" என்று மேடம் கேட்டார்.

சரக்கைத் திரும்ப வாங்குங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பெயரையாவது பாட்டிலிலிருந்து எடுங்கள் என்று சொன்னார். பார்க்கலாம் மேடம், யோசிக்கிறோம் மேடம் என்றீர்கள். வாசல்வரை வந்து வழியனுப்பினீர்கள். ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். பரங்கிப்பேட்டை தாண்டும்போது, "செய்வாருன்னு நெனைக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டார். செய்வார் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. அவருக்குப் பசி தாங்காது, எதையாவது சொல்லிச் சாப்பிட வைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

நீங்கள் செய்யவில்லை. மேடம் எங்கள் நிர்வாகத்திடம் போய், நாமே வெளியே சொல்லிவிடலாம் என்று கேட்டார். ஒப்பந்தப்படி வாடிக்கையாளரின் சரக்கைப் பற்றி நாம் வெளியே பேசக்கூடாது என்றார்கள். இது அவர்கள் சோதிக்கக் கொடுத்த சரக்கே இல்லையே என்றார் மேடம். வக்கீலைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அந்த வக்கீலை இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்போல. மேடம் அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டார். எல்லா அலுவலகத்திலும் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்த நேரம் அது. பதில் வரவில்லை.

அந்தத் தண்ணீரை நம்பிக் கொப்புளித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனவர்கள் எத்தனை பேர், அதில் யாருக்கு என்ன ஆனது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. யாருக்கு எங்கே ஒட்டியது என்பதை யார் கண்டார்கள்? அது உங்களுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. மீன் விற்கிற அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். நானும் அவளிடம்தான் இன்னும் மீன் வாங்குகிறேன். அவள் ஒருத்தியை எனக்குத் தெரியும். மற்றவர்களை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

கடைசியில் வெளியே கொண்டுவந்தது புதுச்சேரியில் நுகர்வோர் சங்கம் நடத்துகிற சிலர். கடையில் பாட்டில் வாங்கி வேறொரு இடத்தில் சோதித்து, இதில் மருந்தே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டிவிக்காரர்கள் உங்கள் கம்பெனி கேட் முன்னால் வந்து நின்றார்கள். அப்போதுதான் நீங்கள் அந்தப் பொய்யைச் சொன்னீர்கள். "நாங்க என்ன சயின்டிஸ்ட்டா? சிதம்பரம் லேப்புல தலைவியா இருக்குற மேடம் டெஸ்ட் பண்ணாங்க. சரியா இருக்குதுன்னாங்க. படிச்சவுங்கள நம்பி ஏமாந்துட்டோம்." நான் அதை வீட்டில் நின்றுகொண்டு பார்த்தேன். கையில் கரண்டி இருந்தது. டிவிமேல் எறியப் போனேன், என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

பெயர் சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். சிதம்பரத்தில் அப்படி ஒரு மேடம்தான் இருந்தார். நாலு வீதியிலும் அவரைத் தெரியும். மறுநாளே காய்கறிக் கடையில் ஒரு ஆள், "என்னா மேடம், எலுமிச்சம்பழம் வேணுமா?" என்று கேட்டிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். நிர்வாகம் விசாரணை வைத்தது. அதில் அவர் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. குற்றம் இல்லை என்றும் யாரும் வெளியே சொல்லவில்லை. கொஞ்ச நாள் அமைதியாக இருங்கள், தானாக அடங்கிவிடும் என்றார்கள். சோதனை வேலையிலிருந்து மாற்றி, வருகிற சரக்கைப் பதிந்து வாங்குகிற மேசையில் உட்கார வைத்தார்கள். சில வாரம் உட்கார்ந்தார். பிறகு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நானும் அதிக நாள் இருக்கவில்லை. இப்போது கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குப் பிறகு உடம்பு கெட்டது. அதற்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை. அது வேறு நோய். இல்லாததைச் சேர்த்துச் சொல்ல நான் நீங்கள் இல்லை. கடைசியாக நான் பார்க்கப் போனபோது, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். கை ரொம்ப மெலிந்திருந்தது.

"நான் சொன்ன தமாசுதானே அக்கா பாட்டில்ல போச்சு" என்றார்.

"தமாசுக்கு அப்புறமா சொன்னதும் போயிருக்கணும்ல? அது ஏன் போவல? நீங்க என்னா அந்தாளுக்கு எலுமிச்சம்பழமா வித்தீங்க?"

அந்த இருமல் சிரிப்பு கொஞ்சம் வந்தது. பிறகு நிஜ இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று. "பரவால்லக்கா, வுடுங்க. எனக்கு அலுத்துப்போச்சு" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டே, "ஆனா ஒண்ணு. அந்த வெள்ளத் தண்ணிய நான் பாஸ் பண்ணேன்னு சொல்றாங்களே, அதத்தான் தாங்க முடியல. அட்டைய எடுத்துப் பாக்காம ஒரு பதில் சொன்னதில்லக்கா நான்" என்றார். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவருடைய அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி கேட்டாள். "யாரு இவுங்க? அந்த கொப்புளிக்கிற தண்ணிக்கு காசு வாங்கிகினு சர்டிபிகேட் குடுத்தாங்களே, அவுங்களா?" மற்றவள் சொன்னாள். "அவுங்கதான். பாவம், இப்ப எதுக்கு அது." மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிச் சத்தம் போட்டேன். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பைத்தியம்போலப் பார்த்தார்கள். அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. டிவியில் ஒரு பெரிய மனிதர் சொன்னதை நம்பினார்கள். மாற்றி யாரும் சொல்லவில்லை. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

போன மாதம் கடலூர் பஸ் நிலையத்துக்கு வெளியே உங்கள் விளம்பரத் தட்டி ஒன்றைப் பார்த்தேன். மூக்கில் அடிக்கிற புது மருந்து. சளி வைரஸை மூக்கிலேயே நிறுத்துமாம். ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எந்த ஆய்வுக்கூடம் என்று இந்த முறை போடவில்லை. அனுபவம் வந்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிதம்பரம் பஸ் ஒன்று வந்து, நின்று, போனது. முன்பு அதில்தான் ஏறுவேன். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மறுநாள்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள்மேல் வழக்குப் போட எனக்கு வசதி இல்லை, தெம்பும் இல்லை. நீங்கள் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கேளுங்கள் என்றுகூடச் சொல்லமாட்டேன். கேட்டால் அதற்கும் ஒரு முகத்தை வைத்துக்கொள்வீர்கள். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மேடம் சோதித்தது பழுப்பு மருந்தை. அது உங்களுக்கும் தெரியும், உங்கள் மச்சானுக்கும் தெரியும். எலுமிச்சைப் படம் போட்டு நீங்கள் விற்ற வெள்ளைத் தண்ணீரை எந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினீர்கள்? அங்கே யார் அதைச் சோதித்தார்கள்? எனக்கு ஃபோன் செய்யாதீர்கள். மச்சானை என் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அன்றைக்குப் போலவே டிவிக்காரர்களைக் கூப்பிட்டு, உங்கள் கேட் முன்னால் நின்று, அந்த இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். சொல்ல ஒரு பெயரும் இல்லையென்றால், ஒருவரும் சோதிக்கவில்லை என்று அதே மைக்கில், எல்லோரும் கேட்கும்படி, உங்கள் வாயால் சொல்லுங்கள்.